வீட்டு வண்டிக்கு மெர்லின் காவல்

"பேயின்னு சொன்னியாம்மா? ஊரெல்லாம் பேயின்னு சொல்லி வச்சிருக்கியா?"

"சொன்னா என்னலே? வண்டி அங்கன நிக்குதா இல்லையா, அத மொதல்ல சொல்லு..."

"நிக்குது. நின்னுக்கிட்டேதான் கெடக்கு. எவன் வந்து தங்குவான் அதுல? எர்ணாகுளத்துலருந்து குடும்பத்தோட வந்தாக. டீக்கடையில விசாரிச்சிருக்காக. அப்படியே காரத் திருப்பிக்கிட்டுப்..."

"போனாப் போகட்டும். திரும்பிப் போனவுக நாளைக்கு வருவாக. களவு போன வண்டி வருமா?"

"நாந்தான் கோம்ப நாயி ஒண்ணு வாங்கிக் கட்டுவோம்னு சொன்னேன்ல?"

"நாய்க்கு யாரு சோறு வைக்கிறது? பேய்க்கு அந்தச் சோலி இல்ல."

சிரிக்க வைக்கத்தான் ரீட்டா இதைச் சொன்னாள். மகன் எட்வின் சிரிக்கவில்லை.

இதைக் கேட்கிறவர்களும் முதலில் கட்டுக்கதை என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். இதில் கட்டுக்கதை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது மெர்லின் செத்த கதை. அதைக் கட்டியவள் ரீட்டா. மற்றதெல்லாம் நடந்தது. போன வருசம் கல்லறைத் திருநாளை ஒட்டி, கோம்பை ரோட்டு ஓரத்துத் திராட்சைத் தோட்டத்தில் நடந்தது.

எட்வின் திருப்பூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன். அப்பா பீட்டர்ராஜ் இறந்த பிறகு அம்மாவைத் தனியாக விட மனசில்லை. கேரளத்துக் கட்டப்பனையில் ஒருத்தரிடம் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை வாங்கி, ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வெள்ளை நிறம், இரண்டே சக்கரம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, ஒரு அலமாரி. திராட்சைப் பந்தல் ஓரமாக நிறுத்தி, சுருளிக்கும் குமுளிக்கும் போகிறவர்களை ராத்தங்க வைப்பது அவன் திட்டம். ஊர்க்காரர்கள் அதை வீட்டு வண்டி என்றார்கள்.

வந்த மாதமே ஜாக்கி காணாமல் போனது. அடுத்து பேட்டரி. அதற்கடுத்து வண்டியையே எவனோ டிராக்டரில் மாட்டி இழுத்துப் போயிருக்கிறான். வாய்க்கால் வளைவில் டயர் வெடித்ததால் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அதன் பிறகு கொக்கிக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்குச் சங்கிலி, கதவுக்கு வெளியே பெரிய பூட்டு. அதுவும் போதாதென்று எட்வின் தினமும் அதற்குள்ளேயே அரிவாளோடு படுத்தான். கொசுக்கடியில் காய்ச்சல் வந்தது. இருமல் வந்தது.

"இது போச்சுன்னா மறுபடி திருப்பூர்தாம்மா" என்றான் ஒருநாள்.

அந்த ஒரு வார்த்தைதான் ரீட்டாவைப் பேச வைத்தது.

தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலைக்கு வருகிற ராமுத்தாய் ஒருநாள் காலையில் கேட்டாள்: "ஏந்தாயி, விடியக்காலம் வந்தேன். அந்த வண்டிக்குள்ள யாரோ மொனங்குற மாதிரி இருந்துச்சே?"

முனகியது எட்வின். காய்ச்சல்காரன். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் ரீட்டா வண்டியைக் கூட்டித் துடைத்திருந்தாள். அலமாரிக் கதவின் உள்பக்கம் வானவில் கலரில் ஒரு பிறந்தநாள் ஸ்டிக்கர். அதில் ஒரு பெயர்.

"அது மெர்லின்க்கா" என்றது ரீட்டாவின் வாய்.

"மெர்லினா? அது யாரு?"

"பழைய ஓனர் வீட்டுப் பொண்ணு. புதுசாக் கட்டிக்கிட்டவ. மழையில இந்த வண்டிய எங்கனயோ நிறுத்தியிருக்காக. களவாணிப் பயத்துல புருசங்காரன் வெளிய பூட்டிட்டு புரோட்டா வாங்கப் போயிட்டான். ஜெனரேட்டர் பொக உள்ள அடஞ்சிருச்சு. தட்டித் தட்டிப் பாத்துருக்கா. தொறக்க ஆளில்ல."

"அடி ஆத்தா!" ராமுத்தாயின் கண் கலங்கிவிட்டது. "யாரு பெத்த பிள்ளையோ..."

தனக்கு இவ்வளவு கதை சொல்ல வருமா என்று ரீட்டாவுக்கே ஆச்சரியம். கொஞ்சம் பெருமையும்கூட. கதை கோம்பை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. போகும்போது நைட்டியில் போன மெர்லின், வரும்போது மஞ்சள் பட்டுச் சேலையில் வந்தாள். அதன் பிறகு ஒரு பயல் வண்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எட்வின் வீட்டில் படுத்தான். காய்ச்சல் விட்டது.

அந்தக் கதைதான் இப்போது அவன் காதுக்கு வந்து சண்டையாகியிருந்தது.

"சரி, மெர்லின் யாரும்மா? அந்தப் பேர எங்கன புடிச்ச?"

"யாரோ. வாயில வந்துச்சு." ஸ்டிக்கரைப் பற்றி ரீட்டா மூச்சுவிடவில்லை.

"நீ கட்டுன கதைய நான் அவுக்குறேன். கட்டப்பனைக்காரர் வாயாலேயே சொல்ல வச்சு வீடியோவுல போடுறேன்."

"ஏலே, வேணாம்லே, அவுக என்ன நெனப்பாக..."

அவன் கேட்கவில்லை. அவள் முன்னாலேயே போனை வாயருகே வைத்துப் பேசி அனுப்பினான். "அண்ணே, எட்வின் பேசுறேன். மெர்லின்னு ஒரு பொண்ண வெளிய பூட்டிட்டுப் போயி, ஜெனரேட்டர் பொகையில இந்த வண்டிக்குள்ள செத்துப்போச்சுன்னு இங்கன பேசிக்கிறாக. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்கண்ணே."

அது ஞாயிற்றுக்கிழமை. பதில் வரவில்லை. மலையில் டவர் கிடைத்திருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கல்லறைத் திருநாள். பீட்டர்ராஜின் கல்லறைக்கு ரீட்டா சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி ஏற்றியிருந்தாள். சாயங்காலப் பூசை கல்லறைத் தோட்டத்திலேயே. பூசை முடிகிற நேரம் உபதேசியார் ஜெபமணி மைக்கில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். சவரிமுத்து. லூர்தம்மாள். பீட்டர்ராஜ். ரீட்டா சிலுவை போடக் கையெடுத்தாள்.

"கட்டப்பனை மெர்லின்."

ரீட்டாவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

கூட்டம் ஒரே குரலில் இளைப்பாற்றி செபம் சொன்னது. திரும்பிப் பார்த்தாள். கேட்டருகே ராமுத்தாய் முக்காடு போட்டுக் கைகூப்பி நின்றாள். கோயில் பழக்கம் இல்லாதவள். பெயர் கொடுத்தது அவள்தான்.

"இங்கன சொந்தபந்தம் இல்லாத பிள்ள தாயி. நாந்தான் உபதேசியார்கிட்டச் சொன்னேன். எங்க சாமி ஒங்க சாமின்னு பாத்தா ஆகுமா?"

ஜெபமணி பக்கத்தில் வந்தார். "நல்ல காரியம் பண்ணீக ரீட்டா. வண்டியோட அந்த ஆத்துமாவையும் ஏத்துக்கிட்டீக. யாருக்கு வரும் இந்த மனசு?"

ரீட்டாவுக்குக் காது மடல் எரிந்தது. அந்த ஸ்டிக்கர்காரப் பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டு, தலை காயவைத்துக்கொண்டு, யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறாள். அவளை ஒரு ஊரே சேர்ந்து இறந்தவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டது. பீட்டர்ராஜுக்கு அடுத்த ஆளாக. இந்த நிமிசமே உபதேசியாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"உங்க செபந்தான்" என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வா தாயி, வண்டிகிட்ட ஒரு மெழுகுதிரி வச்சிட்டு வருவோம். அவளுக்குன்னு இங்கன கல்லறை ஏது?" என்றாள் ராமுத்தாய். மறுக்க ரீட்டாவுக்கு முகமில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. ராமுத்தாய் வண்டிப் படியில் மெழுகுதிரியை ஏற்றி, ஒரு நிமிசம் கண்ணை மூடி நின்றாள். ஆடுகளைக் கட்ட வேண்டும் என்று கிளம்பிப் போனாள். ரீட்டா போகவில்லை. அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால். இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவினாள்.

அந்நேரம் கரண்டு போனது. போனை எடுத்து வெளிச்சம் போட்டாள். மணி ஆறு நாற்பத்தைந்து.

புகை வாடை அடித்தது.

கவாத்துக் குச்சியை எரிக்கிறார்களா? இந்தத் தூறலிலா? இது குச்சிப் புகை இல்லை. பெட்ரோல் புகை. ஜெனரேட்டர் வாடை. அந்த வண்டியில் ஜெனரேட்டரே கிடையாது. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துத்தான் லைட்டு.

படியில் மெழுகுதிரிச் சுடர் சாய்ந்தது. காற்று அடிக்கவில்லை. சுடர் கதவுப் பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. உள்ளேயிருந்து யாரோ மூச்சை இழுப்பது மாதிரி...

டொக்.

எலியாக இருக்கும்.

டொக்... டொக்... டொக்.

பூட்டு ஆடியது. சங்கிலி சிணுங்கியது.

"எவன்டா உள்ள?" என்றாள். களவாணி என்றால் பூட்டு வெளியே எப்படித் தொங்கும்?

"சேச்சி..."

பெண் குரல். கரகரத்த, இருமலில் உடைந்த குரல்.

"சேச்சி... வாதில் தொறக்கு..."

கதவைத் திற என்கிறாள். எல்லைப் பக்கத்துக்காரிக்கு இது புரியாதா? சாவி ரீட்டாவின் கையில் இருந்தது. பூட்டு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இது நான் கட்டின கதை. கட்டின கதை எப்படித் தட்டும்?

"பொய்யி ஆத்தா... நான் சும்மா சொன்னேன்... நீ இல்ல... அப்படி யாருமே இல்ல..."

தட்டுவது நின்றது.

பிறகு கீழே கேட்டது. தரையை ஒட்டி. நகத்தால் கீறும் சத்தம்.

ஒன்று...

ஒன்று...

ரீட்டா ஓடினாள்.

திறக்கவில்லை. சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டே ஓடினாள்.

எட்வினிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வாள்? தன் பொய்யைப் பார்த்துத் தானே பயந்தேன் என்றா? மறுநாள் அவன் வண்டியைத் திறந்து பெருக்கினான். உள்ளே ஒன்றுமில்லை என்பது அவன் விசிலடித்துக்கொண்டே வந்ததில் தெரிந்தது. சாமியாரிடம் பொய்யை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று ரீட்டா இரண்டு தடவை கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். ராமுத்தாய் மட்டும் தினமும் மெழுகுதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒரு சத்தமும் இல்ல தாயி" என்றாள் புதன்கிழமை. "புண்ணியத்துல கரையேறிட்டா."

வியாழக்கிழமை நல்ல வெயிலில், எட்வினையும் கூட வைத்துக்கொண்டு, ரீட்டா வண்டிக்குள் ஏறினாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எட்வின் அம்மாவைப் பார்த்தான்.

"இங்கனருந்துதான் எடுத்தியா? உசுரோட இருக்கிற பொண்ணு பேரையாம்மா?"

ரீட்டா தலையைக் குனிந்துகொண்டு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். பாதி உரிந்திருக்கும். போன் அடித்தது.

"கட்டப்பனைக்காரர்" என்று ஸ்பீக்கரில் போட்டான். பேசியது ஒரு பெண்.

"எட்வின் அல்லே? நான் அவரோட வீட்டுக்காரி."

"சொல்லுங்கம்மா. ஒரு மெசேஜ் போட்டிருந்தேன், அது சும்மா ஊருக்குள்ள ஒரு..."

"கேட்டேன் மோனே. இன்னைக்குத்தான் கேட்டேன்." நீண்ட மூச்சு. "எண்ட மோளு மெர்லின் மரிச்சுபோயி. ஞாயித்துக்கெழம."

எட்வின் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மழ. கரண்டு இல்ல. அவ புருசன், வீட்டுக்குப் பின்னாடி ஜெனரேட்டர் போட்டுட்டு, கள்ளனுக்குப் பயந்து வெளிய பூட்டிட்டு, புரோட்டா வாங்கப் போனான். பக்கத்து வீட்டுக்காரங்க தட்டுற சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க. ஆறே முக்கா இருக்குமாம். யாருகிட்டயும் சாவி இல்ல. கதவ உடைக்கிறதுக்குள்ள..."

ரீட்டாவின் இடுப்பில் சாவி சுட்டது. அவள் விரல் நகத்தில் ஸ்டிக்கரின் கலர் ஒட்டியிருந்தது.

"மோனே, நீங்க பேசி அனுப்புனது அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம. நான் தேதி பாத்தேன். அன்னைக்கு எண்ட மோளு எங்கூட உக்காந்து சோறு தின்னா."

எட்வின் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தான். போனை அவள் பக்கம் நீட்டினான்.

"சொல்லு மோனே... அவ சாகுறதுக்கு முன்னாடியே, அவ இப்படித்தான் சாவான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"