கட்டஞ்சாயாவில் ஒரு ஞானஸ்நானம்

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், ஏலமும் தேயிலையும் எல்லைத் தகராறு இல்லாமல் வளர்கிற ஒரு எஸ்டேட்டில், செபமாலையம்மாளைப் புண்ணியவதி என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் உபதேசியார் மிக்கேல். அந்தப் பட்டத்தைக் கொடுக்கும் அதிகாரம் ரோமாபுரிக்குத்தான் உண்டு என்பது அவர் கட்சி. இன்னொருவர் செபமாலையம்மாள்.

யார் இறந்தாலும் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். வேதக்காரர்களா, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களா என்று அவள் கேட்டதில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலோடு சொந்தக்காரர்கள் நின்றபோது, கஞ்சிச் சட்டியோடு உள்ளே போனவள் அவள். கொழுந்து எடுக்கும் பெண்கள் இதை வைத்துக் கேலி பேசுவார்கள்.

"செபமாலையக்கா மோட்சத்துல துண்டு விரிச்சு எடம் போட்டுட்டா. நாம போயிச் சேரும்போது நிக்கத்தான் வேணும், பாத்துக்கோ."

இடம் போட்டது உண்மை. ஆனால் பேருந்தில் துண்டு போடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஒருவருக்காகத்தானே போடுகிறார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பனிக்காலத்தில், கல்யாணமாகி வெகுகாலத்துக்குப் பிறகு, அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சாமியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். அவர் பூசை வைத்து இறங்கிப் போனபின் பிறந்த குழந்தை, அடுத்த பூசைவரை காத்திருக்க வேண்டும். சவரியான் என்று பெயர் முடிவாகி, ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டையும் தைத்தாயிற்று. அதற்குள் ஒரு விடியற்காலையில் குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, உடனே போடிக்குக் கொண்டு போ என்றார். அவள் புருஷன் சுவக்கீன் ஃபாக்டரியில் வேலையாக இருந்தான். ஆள் அனுப்பினார்கள், அவன் வந்து சேருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

லாரி ஓட்டுகிற ஆறுச்சாமி, பாலக்காட்டுச் சமவெளியில் மீனாட்சிபுரத்துக்காரன். ராத்திரி முழுக்கத் தேயிலைப் பெட்டி ஏற்றிவிட்டுத் தூங்காமல் நின்றான். அவன் கண்ணைப் பார்த்த செபமாலை, கொண்டையூசி வளைவில் இவன் அசந்துவிடக் கூடாதே என்று, கிளம்புகிற அவசரத்திலும் அவனுக்குக் கட்டஞ்சாயா போட்டாள். பாலில்லாத தேநீர், வழக்கத்தைவிட ஒரு கை தூக்கலாகத் தூள். அதைப் புட்டியில் ஊற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறத்தியாரை நினைத்துச் செய்த காரியம். வேதத்தில் இதற்குப் பலன் உண்டு என்று எழுதியிருக்கிறது. பலன் கிடைத்தது.

மூன்றாவது வளைவில் குழந்தையின் உதடு நீலமாயிற்று. மரண ஆபத்தில் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது ஞானோபதேச வகுப்பில் அவள் மனப்பாடம் செய்தது. தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு வெளியே மலை முழுக்க ஈரம். மடியில் ஒரு புட்டி சாயா. அவள் அதைத் திறந்து குழந்தையின் நெற்றியில் ஊற்றினாள், சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொன்னாள். சவரியான் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அடுத்த மூச்சு வரவில்லை. பிள்ளைக்குச் சாயா புகட்டுகிறாள் என்று நினைத்த ஆறுச்சாமி, விஷயம் புரிந்ததும் வண்டியை ஓரங்கட்டித் தலைத்துண்டை அவிழ்த்தான்.

குழந்தையோடு திரும்பி வந்து, நேரே உபதேசியாரிடம் போனாள்.

"ஞானஸ்நானம் குடுத்துட்டேன் உபதேசியாரே."

"நல்லது செஞ்சே. தண்ணிய ஊத்துனியா, தெளிச்சியா?"

"ஊத்துனேன். தண்ணி இல்ல. கட்டஞ்சாயா."

மிக்கேல் உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முழங்காலில் தழும்பு விழுமளவு செபித்தவர், சாத்திரம் தெரிந்தவர். ஆறு, கிணறு, கடல், மழை, ஏன், பனித்துளி கூடச் செல்லும். பால், எண்ணெய், உமிழ்நீர் செல்லாது. நடுவில் ஓர் இனம் உண்டு: நீர்த்த கஞ்சி, நீர்த்த சாயா. அவற்றைப் பற்றிப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை.

"ஏம்மா, சாயா தண்ணியா இருந்துச்சா, கடுப்பமா இருந்துச்சா?"

"கடுப்பந்தான். வண்டி ஓட்டுத தம்பி தூங்கிரக் கூடாதுன்னு."

கண்ணாடியைத் துண்டில் துடைத்துவிட்டு, "தூளக் கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கலாம்," என்றார். சொல்லும்போது அவர் அழுதார். அவர் கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கல்லறை வேலிக்குள் புதைப்பார்கள். பெறாத குழந்தைகளுக்கு வெளியே ஒரு மூலை. சவரியான் இரண்டிலும் சேராதவன். உபதேசியார் யோசித்து, வேலிக்கு வெளியே, ஆனால் வேலியை ஒட்டியே குழி வெட்டச் சொன்னார். அவருக்குத் தெரிந்த இரக்கம் அந்த ஒரு முழம்தான்.

"இப்ப எங்கன இருப்பான்?" என்று கேட்டாள்.

"மோட்சமும் இல்ல, நெருப்பும் இல்ல. பச்சப் பிள்ளைகளுக்கு வேற எடம்னு சொல்லுதாங்க. சந்தேகந்தாம்மா. நீ வேண்டிக்கோ. தர்மம் செய்."

யார் வந்து கேட்டாலும் அவர் சொல்வதுதான் இது. அவள் அதைக் கம்பவுண்டர் கொடுத்த மருந்துச்சீட்டைப் போல எடுத்துக்கொண்டாள். பிணம் குளிப்பாட்டுவதும் கஞ்சி கொண்டுபோவதும் அப்படித் தொடங்கியவை. பலிக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. நிறுத்தினால் அதனாலேயே பலிக்காமல் போய்விடுமோ என்று. விசுவாசம் இல்லாத நற்கிரியை எப்படியிருக்கும் என்று பண்டிதர்கள் நூற்றாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். மலையேறி வந்திருந்தால், கஞ்சிச் சட்டியும் கையுமாக நேரிலேயே பார்த்திருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. எங்கே போனாலும் இடுப்பில் ஒரு புட்டி தண்ணீர். அதைப் பற்றி ஒருவன் கேட்டே விட்டான். அடுத்த வருஷம் ஒருநாள் லாரியில் இடம் கேட்டு ஏறியபோது, ஆறுச்சாமி சிரித்தான்.

"ஏனுங்க அக்கா, என்ர வண்டில ஏறிட்டுத் தண்ணிக்குப் போயிக் கவலப்படுறீங்க? சீட்டுக்குப் பின்னால ரேடியேட்டருக்குன்னு ஒரு கேன் எப்பவும் கெடக்குமுங்க."

"எப்பவுமா?"

"அது இல்லாம மல ஏற முடியுங்களா."

அவள் சீட்டுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பாதி வழியில்தான் அவனுக்கு அந்த விடியற்காலை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தான், பிறகு ஹாரனை அழுத்தினான். அந்த வளைவில் எதிரே வண்டி ஏதும் வரவில்லை.

தண்ணீர்ப் புட்டி ஒரே ஒருமுறை பயன்பட்டது. பக்கத்து லயத்து வீட்டுச் சின்னத்தாயியின் குழந்தைக்கு ஜன்னி கண்டு கண் சொருகியபோது, செபமாலை ஓடிப்போய் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, வாய்க்குள் முணுமுணுத்தாள். சுத்தமான சுனைநீர், ஒரு குறையும் சொல்ல முடியாது. குழந்தை பிழைத்துக்கொண்டது. காய்ச்சலுக்குத் தண்ணீர் தெளித்த கை என்று சின்னத்தாயி அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நேர்ந்துகொண்டபடி பிள்ளையைப் பழனிக்குக் கொண்டுபோய் மொட்டை போட்டாள். ஆக, அந்த எஸ்டேட்டிலேயே ஐயத்துக்கு இடமின்றிச் செபமாலை மோட்சத்துக்கு வழிகாட்டிய ஒரே ஆத்துமா, சந்தனம் பூசிய தலையோடு பஞ்சாமிர்தம் நக்கிக்கொண்டு திரும்பி வந்தது.

சுவக்கீன் வேறு பாதையில் போனான். முதலில் சாராயம், அப்புறம், மேல் டிவிஷனில் கொட்டகை போட்டு ஜெபம் நடத்திய பாஸ்டர் ரத்தினசாமியிடம். அங்கே அவன் ரட்சிக்கப்பட்டான். எப்போது என்று கேட்டால், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம், மழை விட்டிருந்தது என்பான். குடி நின்றது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வீட்டில் அதுவே பெரிய கஷ்டமாயிற்று.

"ஏட்டி, கிரியையினால ஒண்ணும் ஆகாது. விசுவாசிச்சா முடிஞ்சுது. நான் இன்னைக்குச் செத்தாலும் பரலோகந்தான். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது."

"பிள்ள?"

"கைப்பிள்ளைக்கு ஞானஸ்நானமே கெடையாதுன்னு பாஸ்டர் சொல்லுதாரு. பெறகு சாயாவானா என்ன, தண்ணியானா என்ன? அந்தக் கேள்வியே தப்பு."

"கேள்வி தப்பாவே இருக்கட்டும். விசுவாசிக்கத் தெரியாத பிள்ள எங்க போச்சு? அதச் சொல்லுங்க."

"அது கர்த்தருக்குத் தெரியும்."

"உங்களப் பத்தி மட்டும் உங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

அவன் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போய்விட்டான். கல்லறை மூலைக்கு அவன் வருவதும் நின்றது. மண்ணில் என்ன இருக்கிறது என்றான். அதுவும் வேதப்படி சரிதான்.

எழுபத்தாறில் புதுச் சாமியார் வந்தார். இளைஞர், மோட்டார் சைக்கிளில் மலையேறுகிறவர், சிரிக்கத் தெரிந்தவர். செபமாலை பாவசங்கீர்த்தனத்தில் கட்டஞ்சாயாவைச் சொன்னபோது அவர் அதிர்ந்துதான் போனார். இத்தனை வருஷம் இதைச் சுமந்தாயா அம்மா என்றார்.

"கடவுள் தண்ணிக்குக் கட்டுப்பட்டவர் இல்ல. நீ ஆசைப்பட்டாய், அது போதும். உன் பிள்ளை அவரிடம்தான் இருக்கிறான்."

"அது போதும்னா ஞானஸ்நானம் எதுக்கு சாமி?"

அவர் அழகாகப் பதில் சொன்னார். முழங்காலில் தழும்போடு ஒருவர் அழுதுகொண்டே சொன்ன கெட்ட செய்திக்கு முன்னால், சிரித்த முகத்தோடு சொல்லப்படும் நல்ல செய்தி எடுபடுவதில்லை. இலவசமாகக் கிடைப்பது நல்ல தூள் அல்ல என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். மிஞ்சிய தூசியைத்தான் தொழிலாளிக்குக் கொடுப்பார்கள்.

சொல்லால் ஆகாது என்று கண்ட சாமியார், செயலில் இறங்கினார். கல்லறை வேலியைப் பிடுங்கி, அந்த மூலையும் உள்ளே வரும்படி தள்ளி நட்டு, மந்திரித்த தண்ணீர் தெளித்தார். நல்ல மனிதர். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவள் புதுக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"வேலியத்தான சாமி நகத்துனீங்க," என்றாள்.

எழுபத்தெட்டு மழைக்காலத்தில் அவள் நெஞ்சு கட்டிப் படுத்தாள். அவள் குளிப்பாட்டிய வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். சாமியார், சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தை பூசுதலுக்கான எண்ணெயோடு வந்தார். அவள் நெற்றியை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் சாமி."

"ஏம்மா? உனக்கில்லாத மோட்சமா?"

"எனக்கு உண்டுங்கீங்கள்ல? அதான் வேண்டாம். நான் அங்க போயி, அவன் அங்க இல்லன்னா என்ன செய்ய? திரும்பி வரவா விடுவாங்க?"

"இருப்பான் அம்மா."

"சத்தியமா?"

சாமியார் வேதசாத்திரம் முறையாகப் படித்தவர். நம்புகிறேன் என்றார், எதிர்பார்க்கிறேன் என்றார். சத்தியம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அதற்காக அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் பரிதாபம்.

"அவன் எங்கனயோ, அங்கன போறேன். என்னைய வேலிக்கு வெளிய வையுங்க. அதுக்கும் வழியில்லாம வெளியன்னு ஒரு எடமே இல்லாமச் செஞ்சிட்டீங்க. முடிஞ்சா, அதப் பழையபடி நட்டுருங்க."

மறுநாள் மத்தியானம் நினைவு தப்பியது. சாமியாருக்கு மனசு கேட்கவில்லை. அவள் மறுக்க முடியாத அந்த நேரத்தில் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிவிட்டார். சாயங்காலம் இறந்தாள். ஊரில் பிணம் குளிப்பாட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், சின்னத்தாயி தனக்குத் தெரிந்த மாதிரி குளிப்பாட்டினாள். சவரியானுக்குப் பக்கத்தில், நகர்த்திய வேலிக்குள், புதைத்தார்கள்.

எல்லாரும் இறங்கிப் போனபின் சுவக்கீன் மட்டும் நின்றான். கத்தோலிக்க மண்ணில் கால் வைத்து வெகுகாலமாயிற்று. கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பிய மிக்கேல் உபதேசியாரை நிறுத்தினான்.

"உபதேசியாரே, அவ வேண்டாம்னு சொன்னா. இவரு பூசிட்டாரு. அது செல்லுமா?"

கிழவர் யோசித்தார். மனசில்லாதவருக்குச் செய்கிற திருவருட்சாதனம். நினைவில்லாதபோது மனசு மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம்.

"சந்தேகந்தான் சுவக்கீன்," என்றார்.

"பிள்ளைக்கும் அப்படித்தான சொன்னீரு?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருப்பாங்க."

"இருக்கலாம்."

சுவக்கீன் புது மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து தன் பரலோகத்தில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை. எவ்வளவு தேடிப் பார்த்தும் இல்லை.

"அப்ப நான் மட்டும் அங்க போயி என்ன செய்ய?" என்று கேட்டான்.

உபதேசியார் கம்பை ஊன்றி நின்று வானத்தைப் பார்த்தார். மழை பிடிக்கும் போலிருக்கிறது, எழுந்து வா என்றார்.