உஷ் அண்ணனும் 'ம்' கொட்டும் பெட்டியும்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைக்கிறார். "உஷ்." வீட்டுக்காரர்கள் மின்விசிறியை நிறுத்துகிறார்கள். சமையலறைக் குழாயை இறுக மூடுகிறார்கள். யாரோ தும்மலை அடக்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர் சுவிட்சைத் தட்டுகிறார்.

எழுந்திருக்க மறுக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடுவது அவருடைய தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் உஷ் அண்ணன்தான். அசல் பெயர் என்ன என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

திரையை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. "மூஞ்சியப் பாத்து என்ன தெரியும்? மூச்சக் கேக்கணும்" என்பார். உள்ளே விசிறி சுற்றும் சத்தம், வட்டு சுழலும் சத்தம், எல்லாம் அவருக்குத் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் அவர் காத்திருப்பது வேறொன்றுக்கு. நல்ல நிலையில் இருக்கும் பெட்டி, எழுந்ததும் ஒரே ஒரு முறை சின்னதாகச் சத்தம் கொடுக்கும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ம்'. கதை கேட்கும் குழந்தை இருட்டில் 'ம்' கொட்டுகிறதே, அதுபோல 'நான் முழிச்சுத்தான் இருக்கேன், மேல சொல்லு' என்று பெட்டி சொல்கிறதாம்.

தோள்பையில் காந்த முனை வைத்த ஒரு திருப்புளி, முகத்துக்குப் பவுடர் தடவும் மெத்தென்ற பிரஷ் ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பர் ஒன்று. பிரஷ் மனைவிக்காக வாங்கியது. தூசி தட்ட இதைவிட நல்லது கிடைக்காது என்று அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். கழற்றிய திருகாணிகளை உதட்டோரத்தில் கவ்விக்கொள்வார். அதனால் அவர் பேச்சில் பாதி, திருகாணிகளின் இடுக்கு வழியாகத்தான் வரும்.

"செத்துப்போச்சா?" என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. "சாகலைங்க. கனவுல இருக்கு. வெளிய வர வாசல் தெரியல, அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போது அவரே அந்தக் கனவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்போல இருப்பார். நடக்கும்போதும் அப்படித்தான். மேகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டிய வீட்டைத் தாண்டிப் போய், தெருமுனையில் விழித்துக்கொண்டு திரும்பி வருவார். "ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் எழுப்புறாரு. இவர எழுப்ப நான் தினமும் போர்வைய உருவணும்" என்பது அவர் மனைவியின் அலுப்பு.

மழை விட்டும் விடாத ஒரு பிற்பகலில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு அவர் போனதும் அப்படி ஒரு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான். மாடியறை. நனைந்த சன்னல் வழியாக வெளிச்சம் கலங்கலாக உள்ளே வந்தது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. சன்னலோர மேசையில் கம்ப்யூட்டர். கட்டில் விளிம்பில் கடைக்காரரின் மனைவி, கழுத்தில் மெல்லிய துணி சுற்றியபடி.

கடைக்காரர் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். திரை கறுப்பாகவே கிடக்கிறது. பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தால், கொண்டு வாங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரோம் என்கிறார்கள். மனைவியோ பெட்டியை வீட்டைவிட்டு வெளியே விடவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உள்ளே ஒரு முக்கியமான ஒலிப்பதிவு இருக்கிறது. காப்பி எடுக்கணும் எடுக்கணும் என்று நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளிவிட்டார். அது போய்விட்டால் அவ்வளவுதான், மறுபடி எடுக்க முடியாது.

அண்ணன் பக்கத்து மூடியைக் கழற்றி, திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, காதை வைத்தார். விசிறி சுற்றியது. வட்டு சுழன்றது. 'ம்' வரவில்லை. நோய்வந்த பெட்டியாவது ஒரு விதமாகக் கத்தும். இது கத்தவும் இல்லை. கடைக்காரர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். அவரிடம் எத்தனை 'உஷ்'ஷும் பலிக்கவில்லை.

அலுத்துப்போய் அண்ணன் கட்டில் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. மொதல்ல கெட்டுப்போனப்ப என்ன சத்தம் வந்துச்சு? வாயத் தொறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் வாயை மூடச் சொன்னவர், அன்றைக்குத்தான் ஒருவரைப் பேசச் சொன்னார்.

கடைக்காரரின் பேச்சு தானாக நின்றது. "அவளுக்குப் பேச்சு வராதுங்க" என்றார் பிறகு, மெதுவாக. "தொண்டையில ஆபரேஷன். அதுக்கு முன்னாடி பேசினதுதான் அதுல இருக்கு."

உதட்டிலிருந்த திருகாணிகள் தரையில் சிதறின. அண்ணன் குனிவதற்குள் அந்த அம்மாள் இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். பிறகு மேசையருகே போய், நகத்தால் மரத்தின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கையைத் தூக்கினார். மறுபடி நீளமாக இழுத்தார். கர்ர்ர்... கர்ர்ர்...

அண்ணனின் கண் விரிந்தது. "நீளமா, விட்டு விட்டு அழுதுச்சா?"

தலையசைப்பு.

"அப்ப இப்ப ஏன் மூச்சுக் காட்டல?"

அவர் விரல் கணவரை நோக்கி நீண்டது.

கடைக்காரர் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். பெட்டி விடாமல் கத்தியதாம். தலைவலி தாங்காமல், தானே மூடியைத் திறந்து, உள்ளே பொத்தான் அளவில் இருந்த ஸ்பீக்கரின் ஒயரை உருவிவிட்டாராம். அதற்கப்புறம் நிம்மதியாக இருந்ததாம்.

வாயைக் கட்டிவிட்டு வியாதி என்ன என்று கேட்டால் அது எப்படிச் சொல்லும் என்று வேறெந்த வீடாக இருந்தாலும் அண்ணன் கேட்டிருப்பார். நாக்கு நுனி வரை வந்ததைக் கழுத்துத் துணியைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். ஒயரைச் சத்தமில்லாமல் அதன் இடத்தில் மாட்டினார்.

நீள அழுகை என்றால் அவருக்குத் தெரியும்: ரேம் என்கிற நினைவகப் பட்டை சரியாக ஒட்டவில்லை. விரல் நீளத்தில் இருந்த அந்தப் பச்சைப் பட்டையைப் பிடுங்கி, மழைக்கால ஈரத்தில் மங்கிப்போயிருந்த அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை தப்பான கணக்கை அழிப்பதுபோல. "அழிக்கிறதுன்னா நானும் அழிப்பேங்க. அழுக்க மட்டும்." வாயால் ஊதாமல் பிரஷால் தூசியைத் தட்டி, பட்டையை இருந்த இடத்தில் வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினார்.

இந்த முறை 'உஷ்' சொல்லத் தேவைப்படவில்லை. கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதுதான் கேட்டது. சுவிட்சைத் தட்டினார்.

'ம்.'

கறுப்புத் திரை மெல்ல நீலமானது. முதல் வேலையாகப் பென் டிரைவைச் செருகிப் பதிவுக்கு ஒரு பிரதி எடுத்தார்; நாளைக்கு என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. பிறகு கடைக்காரர் பதிவைத் தட்டினார்.

ஒரு பெண் குரல், லேசாகக் கரகரத்து, இருமல் மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதை வாசித்தது. 'நன்றாகக் குலுக்கிய பின்' என்று சொல்லி, அதற்கே சிரித்தது. "இன்னும் என்னத்தப் பேசச் சொல்றீங்க? ஒண்ணும் வரல... சரி. ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்க. நான் சொல்ல முடியாமப் போனாலும் போடாதீங்க."

கடைக்காரர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். அங்கே கிடந்தது, ஈரத் துண்டு. அதை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். குரல் பேசிக்கொண்டே போனது.

உஷ் அண்ணன் யாரையும் பார்க்காமல் பெட்டியின் மூடியைப் பொருத்தி, மறுபடி உதட்டில் கவ்வியிருந்த திருகாணிகளில் ஒன்றை எடுத்து முடுக்க ஆரம்பித்தார். திருகாணி ஓட்டை துருப்பிடித்திருந்தது; திருப்புளி கீச்சென்றது.

அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர் பக்கம் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, அதைத் தன் உதட்டின் மேல் வைத்தார். திருப்புளி அரைச் சுற்றில் அப்படியே நின்றது.