மாமா எடுத்த இலை

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்று ஜெர்மனிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்த என் தாய்மாமா, ஓசூருக்குத் திரும்பி வந்தார்.
2. அத்திப்பள்ளியில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். இரு பக்கமும் பிடித்துப்போனது. மாமாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே.
3. பெண் வீட்டில் கை நனைக்கப் போனோம். சம்பந்தம் முடிவாகும்வரை அங்கே சாப்பிடுவதில்லை. முடிவானபின் உட்காரும் முதல் பந்தி அது.
4. சாப்பிட்டதும் மாமா தன் இலையைத் தானே எடுத்தார்.

ஒப்பட்டு என்கிற போளிக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, இலை எடுக்க எங்க வீட்ல ஆள் இல்லையா?"

"நான் சாப்பிட்டதுதானுங்களே."

"கொல்லையில உட்கார வெக்கிறவங்கதான் தன் இலையைத் தானே எடுப்பாங்க. உங்களை நடுக்கூடத்துல உட்கார வெச்சும் எங்களுக்கு இந்த அவமானமா?"

என் அப்பா சமாளித்தார். "வெளிநாட்டுப் பழக்கம், வேற ஒண்ணுமில்லை. கீழ வெச்சிடுப்பா." பெண்ணின் அப்பாவும் இறங்கி வந்தார், வைத்துவிட்டால் போதும் என்றார்.

மாமா கையிலிருந்த இலையைப் பார்த்தார். பெண் நின்றிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தார். பிறகு கொல்லைக்குப் போய் இலையைப் போட்டுவிட்டு வந்தார். மாமா செய்வதையெல்லாம் செய்யும் வயது எனக்கு. நானும் என் இலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. திரும்பும்போது பஸ் ஜூஜுவாடி தாண்டியதும் அம்மா மாமா பக்கம் திரும்பினாள்.

"உன்னை லேத் ஓட்டக் கத்துக்கத்தானேடா அனுப்பினாங்க, எச்சில் எடுக்கவா?" என்றாள் அம்மா.

"அங்க முதல் நாள் தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்தேன்க்கா. நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா என் கையில ஒரு துண்டைக் கொடுத்துச்சு. அவங்க புருஷன் பக்கத்துல நின்னு தட்டு துடைச்சிட்டிருந்தாரு. எங்க பட்டறைக்கே அவர்தான் பெரிய அதிகாரி."

"அது அவங்க ஊரு."

"அதுவரைக்கும், நான் சாப்பிட்ட தட்டு என்ன ஆகுதுன்னே நான் நினைச்சதில்லைக்கா."

கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கென்று ஜெர்மனியில் வாங்கி வந்த பச்சைச் சீப்பு ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை என்னிடம் கொடுத்தார். ஓசூர் வரும்வரை தலை வாரிக்கொண்டே வந்தேன்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. எங்கள் வயலில் வேலை செய்பவர் தினமும் கொல்லையில் சாப்பிட்டு, தன் இலையைத் தானே எடுப்பார். அவரை யாரும் கோபித்ததே இல்லை. அதையே மாமா செய்தால் கல்யாணம் ஏன் நிற்க வேண்டும்?

இப்போது நான் டிப்ளமா முடித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறேன். மாமா வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். தன் தட்டைத் தானே கழுவுகிறார். சீப்பில் பாதிப் பற்கள் இல்லை. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு வந்துவிட்டது. வயலில் வேலை செய்பவர் இன்னும் கொல்லையில்தான் சாப்பிடுகிறார். அவருக்கு இலை. எடுப்பதும் அவர்தான்.