பொக்கைவாய் துரை சொல்லாத பொய்

கனடாவில் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடிய வெள்ளைக்காரர் ஒருவர் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆலையில் மெசின் பழுது பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் யாழ்ப்பாணத்து ஹாக்கிப் பைத்தியம். ஐஸை ஐஸ்பழத்தில் மட்டுமே கண்டவன். போன ஏப்ரல் விடுமுறையில் புறப்பட்டுவிட்டேன்.

கொழும்பில் காலை ஆறு மணிக்கு ரயில். தெமோதரையில் வண்டி மலையைச் சுற்றி இறங்கி, சற்று முன் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைகிறது. சண்டை போட்டாவது ஜன்னலோரம் பிடியுங்கள். மாலையில் பதுளை. மறுநாள் ஞாயிறு, தோட்டத்துக்கு பஸ். ஆறு மைல், முப்பது சதம்.

முன்பற்களை ஐஸிலேயே விட்டு வந்தவரைத் தோட்டத்தில் 'பொக்கைவாய் துரை' என்கிறார்கள். பத்து வருடம் ஆடி, முழங்கால் உடைந்தபின் இங்கே வந்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து இளைஞர்களுக்குக் கொய்யாக் கம்பு செதுக்கிக் கொடுத்து ஹாக்கி பழக்கியிருக்கிறார். அன்று மாலை பதுளையில் வெள்ளைத் துரைமார் கிளப்போடு அவர்களுக்கு முதல் ஆட்டம். அவர்களுடைய லொறியிலேயே நானும் தொற்றிக்கொண்டேன்.

மைதானத்தில் கிளப் செயலாளர் மறித்தார். சம்பளத்துக்கு ஆடியவர் இறங்கக் கூடாது என்பது விதியாம். பிறகு குரலைத் தாழ்த்தி, அதெல்லாம் பொழுதுபோக்குக்கு ஆடியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் துருவமாட்டோம் என்றார்.

கோல் காக்கத் துரையையும் சேர்த்தால்தான் பதினொரு பேர். அவர் பொய் சொல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. துரை, லயத்து அணியின் கப்டனான முத்தையாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்றது, முத்தையா?"

"சொல்லாதீங்க தொரை. நாங்க இங்கதான் பொறந்தோம். எங்கள இந்த நாட்டு ஆளுங்க இல்லன்னு சட்டம் போட்டுட்டாங்க. அது அவங்க சொன்னது. நீங்க ஒங்க வாயாலேயே ஒங்கள இல்லன்னு சொல்லணுமா?"

துரை நிமிர்ந்தார். "பத்து வருசம் சம்பளம் வாங்கி ஆடினேன். பல்லையும் குடுத்தேன். போய் எழுதிக்க!"

சொன்னது தோட்டத்துத் தமிழில். செயலாளருக்காக நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னேன்.

ஆட்டம் ரத்து. லொறி திரும்பியது. ஒருவரும் தலை குனியவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கல் வைத்து கோல் குறித்து, இருட்டும்வரை இரண்டு பிரிவாக ஆடினார்கள்.

"ஒரு ஆள் கொறையுதுங்க, வாங்க!" என்று முத்தையா என்னையும் இழுத்துவிட்டான். என் முழங்காலில் இன்னும் வீக்கம் வற்றவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

நீங்களும் போவதானால் ஞாயிறு மாலை போங்கள். பழைய காற்சட்டையும் குடையும் அவசியம். பதுளைக் கிளப் மைதானத்தையும் எட்டிப் பார்க்கலாம். புல் நன்றாகத்தான் இருக்கிறது. அதை மிதிக்க மட்டும் பொய் சொல்ல வேண்டும்.