பொனற்றில் காய்ந்த பசை

வேலணையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் பச்சை சோமசெற் காரை ஒழுங்காக ஓட்டத் தெரிந்த ஆள் இன்றைக்கு நான் ஒருத்திதான். என் கணவருக்கு அதன் கியர் இன்றுவரை பிடிபடவில்லை. கனடாவில் இருக்கும் தம்பிக்கு கியர் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அப்பா தெற்கில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிய கார் அது. கடையை மூடிவிட்டு ஊருக்குத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த ஒரே சொத்தும் அதுதான். அந்தப் பச்சை, கார் செய்தபோதே அடித்த பச்சை. அதன்மேல் வேறு பெயின்ற் பட்டதில்லை.

நாங்கள் அதில் சாய்ந்து நிற்கக்கூட அப்பா விடமாட்டார். கோயிலுக்குப் போக ஏறும்போது, காப்பு உரசாமல் கதவைத் திற என்பார். ஈ வந்து இருந்தாலும் துணியோடு ஓடுவார் என்று அம்மா கேலி செய்வார்.

அப்படிப்பட்ட காரின் முன்மூடியில், அந்தப் பொனற்றில், முப்பது வருடங்களுக்கு மேலாகச் சப்பாத்து ஒட்டுகிற பசை மஞ்சளாகத் திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்தது. என் கல்யாணத்தில் வந்த வினை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் வீட்டுக் கார்தான் போகும். அன்றைக்கு அப்பாவும் தம்பியும் சோமசெற்றுக்குப் பூக்கட்டி யாழ்ப்பாணம் போனார்கள். எங்கள் தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள பண்ணைப் பாலத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று பிய்த்தெறியும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். பாலம் தாண்டி வரும் கல்யாணக் கார்கள் பெரும்பாலும் பூவிழந்து மொட்டையாகத்தான் வந்து சேரும். எங்கள் கார் மட்டும் பொனற் நிறையப் பூவோடு வந்து வாசலில் நின்றது. மணப்பெண் அலங்காரத்தோடு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நான் பூரித்துப் போனேன். மறுநாள் பூவைப் பிய்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு பூவையும் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

“உங்கட சிநேகிதப் பெடியள் பார்த்த வேலை,” என்றேன் கணவரிடம்.

“அவங்கள் செய்யேல்லை. பூ ஒட்டுற அளவுக்கு அவங்களுக்குப் பொறுமை இல்லை,” என்றார்.

நான் நம்பவில்லை. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் நான் அதையே சொல்வேன், அவரும் அதையே சொல்வார். அப்பா இருந்த காலத்தில் ஒருமுறை சுரண்டிப் பார்க்கப் போனேன். “விடு பிள்ளை, கிடக்கட்டும்,” என்றார். பெயின்ற் போய்விடும் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு எனக்கும் வேலைக்கு மேல் வேலை. பசை அப்படியே கிடந்தது.

இந்த ஆவணியில் தம்பி தன் மகளின் கல்யாணத்தை ஊரில் செய்ய வந்தான். வந்த அன்றே காரைச் சுற்றிப் பார்த்தான்.

“அக்கா, இந்தக் கோலத்திலை மாப்பிள்ளையை ஏத்த ஏலாது. திங்கக்கிழமை பெயின்ரர் வாறார். எல்லாத்தையும் சுரண்டிப்போட்டு வெள்ளை அடிப்பம். படத்துக்கும் வடிவாயிருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் பச்சையைச் சுரண்டுவதா?

“பெயின்ற்றிலை ஒரு பொட்டும் போகாமல் நான் பசையை எடுத்துக் காட்டுறன். எடுத்தால் கார் பச்சையாவே நிக்கும்.”

“பெயின்ற் போனால்?”

“போனால் உன்ரை விருப்பத்துக்கு வெள்ளை அடி.”

சொல்லிவிட்டேன். எனக்குப் பயம் இல்லை. கைவேலையில் நான் தோற்றதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கணவர் எங்கிருந்தோ பசை கரைக்கிற தின்னர் ஒரு போத்தலோடு வந்தார். “இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ,” என்று அதை வாங்கி, கதவைத் திறந்து, மூடினால் வெளியே தெரியாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தொட்டுப் பார்த்தேன். துணியில் பச்சை வந்தது. அந்தக் காலத்துப் பெயின்ற் தின்னரைக் கண்டால் கரைந்துவிடும். அவர் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் எடுத்தது தேங்காய் எண்ணெய். பஞ்சை எண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு திட்டின்மேலும் வைத்து, பொலித்தீனால் மூடி, ஓர் இரவு முழுக்க ஊறவிட்டேன். விடிந்ததும் வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றடம் கொடுத்தேன். பசை இளகியது. தடித்துப் போன திட்டுகளுக்கு அடியில் தங்கூசியை, அதுதான் மீன்பிடிக்கிற நரம்பை, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அறுத்தேன். மெல்லியவற்றைக் காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் தள்ளினேன். மிஞ்சியதைப் பெருவிரலால் உருட்டி எடுத்தேன். சில திட்டுகள் புண்ணின் பொருக்குப் போல முழுசாகவே வந்தன. அவசரப்பட்டால் பெயின்ற்றும் கூடவே வந்துவிடும். எனக்குக் கோபம் வருமே தவிர, வேலையில் அவசரம் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெயைக் கழுவித் துடைத்தேன். பசை துளிகூட இல்லை. ஆனால் பசை இருந்த இடங்களிலெல்லாம் கரும்பச்சையாக வட்டம் வட்டமாகத் தெரிந்தது. இன்னும் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. பிறகுதான் விளங்கியது. அது கறை இல்லை. இத்தனை வருடம் ஓடித் திரிந்த வெயிலில் சுற்றி இருந்ததெல்லாம் வெளிறிவிட, பசைக்கு அடியில் மட்டும் முதல் நாள் பச்சை அப்படியே இருந்திருக்கிறது.

தம்பி வந்து பார்த்தான். அவன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“பெயின்ற் ஒரு பொட்டும் போகேல்லை. இது அத்தானின்ரை சிநேகிதப் பெடியள் வைச்ச முத்திரை.”

“எந்தப் பெடியள்?” என்றான். வட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். “அக்கா, உங்களுக்குத் தெரியாதே? ஒட்டினது அப்பா.”

“அப்பாவோ?” என்றேன். அவன் சொன்னான்.

“போகேக்கையே பண்ணைப் பாலத்திலை பூ முழுக்கக் கடலுக்குள்ளை போயிட்டுது. அப்பா ரவுணிலை காரை நிப்பாட்டி, புதுசாப் பூவும் ஒரு ரின் பசையும் வாங்கினவர். மாப்பிள்ளை வீட்டுக்குப் போற ஒழுங்கை முடக்கிலை வைச்சு, ஒவ்வொண்டா ஊதி ஊதிக் காயவைச்சு ஒட்டினவர். நான்தான் ரின்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ‘அப்பா, பெயின்ற் போகப்போகுது’ எண்டன். ‘பெயின்ற் கிடக்குது. பிள்ளை யன்னலாலை பார்த்துக்கொண்டு நிப்பாள். மொட்டைக் கார் வந்தால் அவளின்ரை முகம் வாடிப்போயிடும்’ எண்டவர்.”

நான் பொனற்றில் கை வைத்தபடி அழுதேன். பசை ஒட்டிய துணி வாளியில் கிடந்தது. கணவர் பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருடம் வாங்கிக் கட்டியதற்கு அவர் எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

மறுநாள் காலையில் பெயின்ரர் வந்துவிட்டார். வர வேண்டாம் என்று சொல்லத் தம்பி மறந்துவிட்டான். அவர் பொனற்றைத் தடவிப் பார்த்தார்.

“வழுவழுப்பாத்தான் இருக்கு அக்கா. இந்த வட்டங்களை மட்டும் மறைச்சு விடட்டோ?”

“வேண்டாம் தம்பி,” என்றேன். “அது அப்பா எனக்கு வைச்ச பூ.”