காற்று தூங்கும் நேரம்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள். பக்கத்துக் கவுஞ்சி கிராமத்துக் கோகுல்ராஜுக்கோ மலைக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற காற்றைப் பார்ப்பதுதான் பிழைப்பு. எதிர்மலைக் கோபுரத்திலிருந்து மில்லிமீட்டர் அலையில் வரும் இணையத்தை மொட்டைமாடி டிஷ்ஷில் வாங்கி, ஊருக்குப் பிரித்துக் கொடுப்பவன் அவன். ஒடுங்கிய அலை, டிஷ் மயிரிழை திரும்பினாலும் போச்சு.

மனைவி மகாதேவி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மதியமானால் இணையத்தில் அவள் பேச்சு அறுந்து அறுந்து விழும். இன்னொரு முறை அறுந்தால் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதுதான் அந்த ஊமைக்கோட்டானுக்கு வராது. ஸ்பேனரோடு மாடிக்குப் போய்விட்டான்.

மஞ்சு என்கிற மூடுபனிதான் அலையைத் தின்கிறது என்பது ஊரார் தீர்ப்பு. அதனால் மஞ்சு கலைந்து வெயில் ஏறிய பிறகே டிஷ்ஷைத் திருப்புவது வழக்கம். அன்றும் அப்படியே நின்றான். கீழே பூண்டு வயல்களிலிருந்து சூடும் ஈரமும் புரண்டு எழ, எதிர்மலையே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் அசைந்தது. அலையின் பலம் காட்டும் மீட்டரில் எண்ணும் ஏறி இறங்கியது. சொக்கிப்போய் நின்றவனுக்குச் சட்டென்று உறைத்தது. காற்று ஆடும்போது அலையும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை நம்பி டிஷ்ஷைக் கோணலாகப் பூட்டியிருக்கிறோம். கோணலில் பாதி பலம் போக, மிச்சத்தை மதியக் காற்று உலுக்குகிறது.

மறுநாள் வெள்ளனே மஞ்சுக்குள் மாடியேறினான். பக்கத்து வீட்டு வேலப்பன் சிரித்தார்.

"ஏலே கோகுலு, மஞ்சுக்குள்ள என்னத்தத் தேடுறே?"

"காத்து தூங்குதுண்ணே. அது முழிக்கிறதுக்குள்ள சோலிய முடிக்கணும்."

மெல்லிய மஞ்சு அலையைக் கொஞ்சம்தான் கடித்தது. எண் அசையாமல் நின்றது. எண்ணின் உச்சம் பார்த்து டிஷ்ஷைப் பூட்டினான்.

மதியம் வயல்மேல் காற்று ஆடத் தொடங்கியது. சோதித்துப் பார்க்க, கீழறையிலிருந்து மகாதேவி வீடியோவில் அழைத்தாள். அவள் முகம் எதிர்மலைக்குப் போய்த் திரும்பி, மாடியில் நின்ற அவன் கைபேசிக்கு வந்தது. துளி நடுக்கமில்லை. நேரில் வராத வார்த்தை அந்த முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"மகா, நீ போகாதே."

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்தே போனான்.

"இதச் சொல்ல வைக்கத்தான் பெட்டிய எறக்குனேன்," என்றாள். "வெரசா வந்து பரண்ல ஏத்துங்க."