பொத்தான் டீச்சரின் கையெழுத்து

எல்லோரும் அவரைப் பொத்தான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்தான் டீச்சர், பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியவரில்லை. பதினோரு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்தார். அதை மூடியபோது, நிலத்தடி நீரைப் பற்றி விவசாயிகளிடம் பேசும் ஒரு நிறுவனம் அவரைக் களப்பணிக்கு எடுத்துக்கொண்டது. பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்று அவர்கள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

பத்துப் பேர் வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் அலுமினியத் தட்டு, அதில் அறுபது நீலப் பொத்தான்கள். அதுதான் பூமிக்கடியில் இருக்கும் தண்ணீர். ஒரு சுற்று ஒரு வருடம். எத்தனை எடுக்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதி மடித்துத் தர வேண்டும். சிக்கனமான பயிருக்கு ஒன்று, தண்ணீரை உறிஞ்சும் பயிருக்கு மூன்று. மூன்று எடுத்தால் மதிப்பெண் அதிகம். சுற்று முடிந்ததும் டீச்சர் "மழை" என்று சொல்லிப் பதினைந்தைத் திரும்பப் போடுவார். முதல் ஆட்டத்தில் வாய் திறக்கக் கூடாது; அநேகமாக எல்லா ஊரிலும் நான்காம் வருடமே தட்டு காலி. இரண்டாவதில் பேசலாம். பேசினால் பத்து வருடத்துக்கும் தாங்கும்.

நாற்பது ஊர்களில் ஆடவைத்த பிறகே சொந்த ஊருக்கு வந்தார். நம் வீட்டுப் பெண் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள் என்ற தயக்கம்தான். ஆனால் அங்கேதான் ஆட்டம் பிரமாதமாக நடந்தது. அவருடைய அண்ணனே முன்னால் நின்றார். இனி யாரும் தனியாகப் புது போர்க்கிணறு போடக் கூடாது, கூடிப் பேசித்தான் போட வேண்டும் என்று அவர் சொல்ல, பத்துப் பேரும் கையெழுத்திட்டார்கள். பள்ளத்துத் தோட்டத்து அக்கா மட்டும், "ஆட்டத்துல நல்லவங்களா இருக்கறது சுலபம்மா," என்றார். சொல்லிவிட்டு அவரும் போட்டார்.

இரண்டு வருடம் அந்தப் பேச்சை யாரும் மீறவில்லை. மூன்றாம் வருடம் மழை கைவிட்டது. மோட்டார்கள் அரை மணி நேரம் ஓடிக் காற்றைக் கக்கின. அண்ணனின் எலுமிச்சை மரங்கள் அந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்க்கத் தொடங்கியிருந்தன, இலையெல்லாம் சுருண்டுவிட்டது.

ஒரு நாள் காலையில் அண்ணன் வந்தார். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான மேலத் தோட்டத்துக்காரர் போர் வண்டிக்குச் சொல்லிவிட்டாராம். அவர் ஆழமாகப் போட்டால் நம் கிணற்றில் ஈரம்கூட மிஞ்சாது, முந்திக்கொள்ள வேண்டும் என்றார். நிலம் இருவர் பெயரிலும் இருந்ததால் தங்கையின் கையெழுத்து தேவைப்பட்டது.

"அவரையே கேட்டுடலாமேண்ணா. அதுக்குத்தானே அன்னைக்கு எல்லாரும் பேசி வச்சோம்?"

"கேட்டா இல்லைன்னுதான் சொல்வான். மறுநாள் வண்டி வந்து நிக்கும்." அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் ஆட்டத்துல தோத்தா தட்டை மறுபடி நிரப்பிக்கலாம். என் மரத்துக்கு ரெண்டாவது ஆட்டம் இருக்கா?"

இதே கேள்வியை எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறார்கள். அவரும் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று எதிரில், கணவர் போன பிறகு தன்னை ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்க விடாத அண்ணன், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

எழுநூறு அடியில் தண்ணீர் வந்தது. அண்ணி அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதார். மறுநாள் மேலத் தோட்டத்துக்காரர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அவர் வரச் சொல்லியிருந்தது போர் வண்டியை அல்ல. கிணற்றுக்குள் சிக்கிய மோட்டாரைத் தூக்க ஒரு மெக்கானிக்கை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வண்டி அவர் தோட்டத்தில் நின்றது. மாதம் முடிவதற்குள் ஏழு போர்.

நடந்ததை டீச்சர் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். ஊரின் பெயர் ஏற்கெனவே வெற்றிப் பட்டியலில் அச்சாகிவிட்டது, இப்போதைக்கு இருக்கட்டும் என்றார் மேலாளர். அடுத்த ஊருக்குப் பொத்தான் மூட்டையைக் கட்டிக் கொடுத்தார்கள். அவரும் போனார், வேறு வேலை தெரியாது. அங்கேயும் எல்லோரும் கைதட்டினார்கள்.

பதினான்கு மாதத்தில் அண்ணனின் போரும் வற்றியது. மரங்களை வெட்டிப் போட்டுவிட்டு, நகரத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போனார். தங்கையின் முகத்தைப் பார்க்கக் கூசி, அவரிடம் பேசுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

பள்ளத்துத் தோட்டத்து அக்கா போர் போடவே இல்லை. போட வசதியும் இல்லை. அவருடைய கிணறுதான் முதலில் காய்ந்தது. மகள் வீட்டோடு போய்விடுவதென்று அவர் சாமான்களைச் சிறிய வேனில் ஏற்றிய அன்று, டீச்சர் கயிறு கட்ட உதவப் போனார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தவரை அக்காவே முந்திக்கொண்டார்.

"நீ போர் போடலேன்னாலும் வேற யாராவது போட்டிருப்பாங்க. மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேறு யாரும் போடவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். கிணறு வற்றிக்கொண்டிருந்தபோதும், அண்ணனும் அவரும் போடும்வரை ஒருவர்கூடப் போடவில்லை. டீச்சர் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்று ஓட்டுநரிடம் சொன்னார்.